விசைப்படகின் கதை: நார்வே முதல் காரைநகர் வரை

எல்லை தாண்டி மீன்பிடித்ததாக மீனவர்கள் கைது, விசைப்படகுகள் சிறைபிடிப்பு. கடலே இல்லாத திண்டுக்கல், குஜிலியம்பாறை பக்கத்து டீக்கடைகளில்கூட இது படித்துப் படித்துப் பழகிப்போன செய்தி. சில வாரங்கள் கழித்து இன்னொரு செய்தி வரும். மீனவர்கள் விடுதலையாகி ஊர் திரும்பினார்கள் என்று. எல்லோருக்கும் நிம்மதி.

சரி, மீனவர்கள் வந்துவிட்டார்கள். படகு என்ன ஆனது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் அது ஒரு நீண்ட வரலாற்றில் கொண்டுபோய் விடும். அந்த மரப்படகு எங்கிருந்து வந்தது, அதை எப்படிக் கட்டுகிறார்கள், எப்படிப் பழுது பார்க்கிறார்கள், அயல்நாட்டுத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்த படகை எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்று எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கிறது.

பாய்மரக் காலம்

தமிழனுக்குப் படகு புதிது இல்லை. அம்பி, திமில், ஓடம், வங்கம், நாவாய் என்று சங்க இலக்கியத்திலேயே விதவிதமான பெயர்கள் உண்டு. நம் கட்டுமரம் என்ற சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரன்' ஆனது. பாக் நீரிணைப் பகுதியில் வத்தை, வள்ளம், தோணி ஆகியவை பாய் விரித்து ஓடிக்கொண்டிருந்தன.

பெரிய கலங்களைக் கட்டும் கைத்திறனும் இங்கே இருந்தது. இதே நீரிணையின் மறுகரையில், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அந்தக் கப்பல் தமிழ் மாலுமிகளோடு கடல்கள் பல கடந்து 1938ல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. எஞ்சின் யுகம் வந்துவிட்ட பிறகும் இந்தக் கரையின் தச்சுவேலைக்கு இருந்த மதிப்புக்கு அது ஓர் அடையாளம்.

இராமேஸ்வரத்துப் படகு என்றால் இன்னொரு கதையும் நினைவுக்கு வரும். அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன், இராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்ரீகர்களை ஏற்றிச் செல்ல ஒரு மரப்படகு கட்டினார். கடற்கரையில் அந்தப் படகு கொஞ்சம் கொஞ்சமாக உருவானதைச் சிறுவன் கலாம் பார்த்துக்கொண்டே இருந்ததையும், பின்பு ஒரு புயல் அதை அடித்துக்கொண்டு போனதையும் 'அக்னிச் சிறகுகள்' நூலில் படிக்கலாம். மரப்படகுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு அன்றும் இப்படித்தான் இருந்தது. கட்டும்போது குடும்பமே கூடி நின்று பார்க்கும். போனால் குடும்பமே நொடியும்.

எஞ்சின் வந்த கதை

சுதந்திரம் கிடைத்த புதிதில் நாட்டில் பெரிய உணவுத் தட்டுப்பாடு. கடலில் மீன் இருக்கிறது, ஆனால் பாயும் துடுப்பும் கொண்டு பிடிப்பது போதவில்லை என்று அரசு நினைத்தது. 1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய மூன்றும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. அதுதான் இந்திய நார்வே திட்டம். 1953ல் கேரளத்துக் கொல்லம் அருகே நீண்டகரை, சக்திகுளங்கரை கிராமங்களில் வேலை தொடங்கியது. மீனவருக்கு எஞ்சின் பொருத்திய சிறு படகு, ஐஸ் தொழிற்சாலை, குடிநீர், சுகாதார நிலையம் எல்லாம் அந்தத் திட்டத்தில் அடக்கம்.

1960களில் அந்தத் திட்டம் கொல்லத்தைத் தாண்டி எர்ணாகுளம், கண்ணூர், கார்வார் என்று விரிந்தது. அப்போது தமிழகத்தில் அது வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? இராமேஸ்வரம் தீவுக்கு நேர் எதிரே உள்ள மண்டபம்! மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகமும் 1971 வரை அந்த மண்டபத்தில்தான் இருந்தது.

அதே காலத்தில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு அனுப்பிய படகு வடிவமைப்பு நிபுணர்களும் இந்தியா வந்திருந்தார்கள். அந்த முயற்சிகளில் உருவாகி அன்றைய சென்னை மாகாணத்துக் கரைகளில் ஓடிய ஒரு வகைப் படகுக்கு 'பாப்லோ' என்று பெயர். 1957ல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் மரப்படகுகளுக்கு அளவு அளவாக வரைபடங்கள் தயாரித்துக் கொடுத்தது. அரசு மானியம் கொடுத்தது, கடனும் கொடுத்தது.

முதலில் இந்தப் படகுகள் சாதாரண வலைகளோடுதான் போயின. பிறகு இறால் ஏற்றுமதி வந்தது. ஜப்பானும் அமெரிக்காவும் இறாலுக்குக் கொட்டிக் கொடுத்தன. இறால் கடலடியில் வாழ்வது. அதைப் பிடிக்க, பை போன்ற பெரிய வலையைக் கடல் தரையோடு இழுத்துக்கொண்டே போக வேண்டும். இதுதான் இழுவை மடி. இழுக்க வலுவான எஞ்சின் வேண்டும், எஞ்சினைத் தாங்க கனத்த மரப்படகு வேண்டும். இப்படியாக உணவுக்காக வந்த சிறு படகு, ஏற்றுமதிக்காகப் பெரிய படகாக வளர்ந்தது. இன்று இராமேஸ்வரத்தில் மட்டும் சுமார் 700 விசைப்படகுகள் உள்ளன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த விசைப்படகை மீனவன் தானாகக் கேட்டு வாங்கி வரவில்லை. அரசாங்கமும் அயல்நாட்டு உதவியும் சந்தையும் சேர்ந்து அவன் கையில் கொடுத்தவை இவை.

மரத்தில் ஒரு படகு

நார்வேக்காரர்களும் ஐ.நா. நிபுணர்களும் வரைபடம் கொடுத்தார்கள். ஆனால் கடற்கரையில் படகு கட்டும் தச்சர்கள் விரைவிலேயே வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டார்கள். கண் அளவு, கை அளவு, அனுபவம் இவைதான் அவர்களுடைய வரைபடம். படகு கட்டும் தச்சருக்குத் தமிழில் 'ஓடாவி' என்று தனிப்பெயரே உண்டு.

முதலில் 'ஏரா' போடுவார்கள். படகின் அடியில் முன்பிருந்து பின்வரை ஓடும் முதுகெலும்பு அது. ஏரா போடும் நாளில் பூசை உண்டு. அதன் மேல் விலா எலும்பு போல 'வங்கு' எனப்படும் வளைந்த சட்டங்களை நிறுத்துவார்கள். வங்குக்கு இயற்கையிலேயே வளைந்து வளர்ந்த கருவேல மரம் நல்லது. நேர் மரத்தை வளைத்து அறுத்தால் நார் அறுந்து வலு போய்விடும். வங்கின் மேல் நீள நீளமாகப் பலகைகளை ஒன்றையொன்று தொட்டபடி வைத்து ஆணி அடிப்பார்கள். முன்பக்கம் அணியம், பின்பக்கம் சுக்கான், நடுவில் மீன் போட ஐஸ் அறை, மேலே சிறிய ஓட்டுநர் அறை.

எஞ்சின் பெரும்பாலும் லாரிக்காரர்களுக்கும் நன்கு தெரிந்த லேலண்ட் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கும். சாலையில் ஓடும் எஞ்சினைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றிய வகை. லாரியில் முன்னே இருக்கும் ரேடியேட்டருக்கு இங்கே வேலை இல்லை. சூட்டைத் தணிக்கத்தான் சுற்றிலும் கடல் இருக்கிறதே! எஞ்சினில் இருந்து புறப்படும் நீண்ட இரும்புத் தண்டு படகின் பின்புறத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போய் விசிறியைச் சுழற்றும். துளை என்று வந்துவிட்டாலே அங்கே தண்ணீர் கசியும். அதனால் படகில் எப்போதும் ஒருவர் கவனிக்கும் இடம் அது.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கை எப்படி அடைப்பது? அதற்குத்தான் 'கலப்பத்து'. பஞ்சைத் திரியாகத் திரித்து, மழுங்கிய உளியால் இடுக்கில் வைத்து, சுத்தியால் தட்டித் தட்டி உள்ளே இறக்குவார்கள். பிறகு குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பசையோ, கடையில் வாங்கிய புட்டியோ வைத்துப் பூசுவார்கள். இந்தச் சொல் போர்ச்சுக்கீசியரிடம் இருந்து வந்ததாகச் சொல்வதுண்டு. படகு தண்ணீரில் இறங்கியதும் மரம் நீரை உறிஞ்சி உப்பும். பலகைகள் ஒன்றையொன்று நெருக்கும். நடுவே உள்ள பஞ்சு இறுகி, தண்ணீர் நுழைய வழியில்லாமல் போகும்.

இதில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. மரப்படகுக்குத் தண்ணீர்தான் எதிரி என்று நினைப்போம். ஆனால் தண்ணீரில் இருந்தால்தான் அது படகு. கரையில் வெயிலில் கிடந்தால் பலகை சுருங்கும், இடுக்கு விரியும், பஞ்சு உதிரும். அப்படியே திரும்பக் கடலில் தள்ளினால் சல்லடை போலத் தண்ணீர் குடிக்கும்.

படகின் எதிரிகள்

அப்படியானால் தண்ணீரிலேயே விட்டுவிட்டால் போதுமா? அதுவும் முடியாது.

கடலில் கப்பல் புழு என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் புழு. உண்மையில் அது சிப்பி இனம். குஞ்சாக இருக்கும்போது ஊசிமுனை அளவு துளை போட்டு மரத்துக்குள் நுழையும். உள்ளேயே வளர்ந்து மரத்தைத் தின்றுகொண்டே போகும். வெளியே பார்த்தால் பலகை நன்றாக இருக்கும். தட்டினால் உள்ளே தேன்கூடு! கொலம்பஸ் தன் நான்காம் பயணத்தில் கப்பல்களை இழந்து 1503ல் ஜமைக்காவில் மாட்டிக்கொண்டதற்கு இந்தப் புழுதான் காரணம்.

அடுத்தது ஒட்டுச் சிப்பிகள். (இவை பார்க்கத்தான் சிப்பி, உண்மையில் நண்டு இறாலின் உறவு!) படகின் அடியில் இவை கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டால் வேகம் குறையும், டீசல் கூடும். இதைத் தடுக்க அடிப்பகுதிக்குத் தனிச் சாயம் பூசுவார்கள். தகடோ கண்ணாடியிழையோ போர்த்துவதும் உண்டு.

மூன்றாவது எதிரி மழைநீர். கடல் உப்பு மரத்தை ஓரளவு காக்கும். மேல்தளத்தில் தேங்கும் நல்ல தண்ணீர்தான் மரத்தை உளுக்க வைக்கும். ஓட்டுநர் அறையின் மூலை, ஐஸ் அறையின் ஓரம், ஆணி அடித்த இடம் என்று காற்று புகாத இடங்களில் உளுப்பு தொடங்கும்.

ஆகவே மரப்படகுக்குத் தினமும் ஆள் வேண்டும். கசியும் தண்ணீரை இறைக்க, மேல்தளத்தைக் கழுவ, எஞ்சினை ஓட்டிப் பார்க்க, கயிற்றைச் சரிபார்க்க. தினமும் கடலுக்குப் போய்வரும் படகு நன்றாகப் பராமரித்தால் 15, 20 ஆண்டுகள் உழைக்கும். சும்மா கட்டிப்போட்ட படகு ஒரு மழைக்காலத்திலேயே பாதி செத்துவிடும்.

மராமத்துக் காலம்

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள், 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன்களின் இனப்பெருக்கத்துக்காக வந்த தடை இது. ஆனால் படகுகளுக்கு அதுவே வைத்தியக் காலமும் ஆகிவிட்டது.

இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் படகுகளை வரிசையாகக் கரையேற்றி நிறுத்தியிருப்பார்கள். முதலில் அடியில் ஒட்டியதைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு தச்சர் சுத்தியலால் பலகையைத் தட்டிக்கொண்டே போவார். 'டங்' என்றால் நல்ல மரம். 'டொக்' என்றால் உளுத்த மரம். சந்தேகம் இருந்தால் கத்தி முனையால் குத்திப் பார்ப்பார். உளுத்த பலகையை முழுவதும் எடுக்காமல், கெட்ட பகுதியை மட்டும் வெட்டி அதே அளவுக்குப் புதுத் துண்டு வைத்து இணைப்பதும் உண்டு. ஆனால் இணைப்பு வங்கின் மேல் வந்து உட்கார வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் பலகைகளில் இணைப்பு ஒரே கோட்டில் வரவும் கூடாது. வந்தால் அந்த இடம் உடைய இடம் கொடுத்துவிடும்.

பிறகு பழைய பஞ்சைக் கிளறி எடுத்துப் புதிதாகக் கலப்பத்து. எஞ்சினைப் பிரித்து மெக்கானிக் வேலை. கடைசியாகச் சாயம், பெயர், பதிவு எண். இந்தச் செலவு பெரும்பாலும் கடன். தடை முடிந்து முதல் சில வாரங்களில் வரும் இறாலில்தான் அதை அடைக்க வேண்டும்.

எல்லைக் கோடு

படகு வளர்ந்த அதே ஆண்டுகளில் கடலில் கோடும் விழுந்தது. 1974ல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கை வசம் போனது. 1976ல் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை வகுக்கப்பட்டது.

பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதி 15 மீட்டர்கூட இல்லை. அகலமும் குறைவு. இராமேஸ்வரத்தில் இருந்து ஒன்றிரண்டு மணி நேரம் ஓடினாலே எல்லை வந்துவிடும். போதாக்குறைக்கு, தமிழகக் கரையை ஒட்டிய 3 கடல் மைல் நாட்டுப்படகுகளுக்கு உரியது என்கிறது 1983ம் ஆண்டுச் சட்டம். நடுவில் மிஞ்சுவது ஒரு பட்டை. அதில் நூற்றுக்கணக்கான படகுகள்.

1983க்குப் பிறகு இலங்கையில் போர். வடபகுதி மீனவர்கள் கடலில் இறங்கவே பல ஆண்டுகள் தடை, கட்டுப்பாடு. அந்தக் காலத்தில் தமிழகப் படகுகள் மறுபக்கம் போய்ப் பழகின. கடற்படைத் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த தமிழக மீனவர்கள் பலர். 2009ல் போர் முடிந்தது. யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் மறுபடி கடலுக்கு வந்தார்கள். வந்து பார்த்தால் அவர்கள் விரித்த வலைகளின் மேல் இழுவைப் படகுகள் ஓடின.

அதன் பின்னர் கைதுகள் பெருகின. 2014 வாக்கில் இருந்து ஒரு புது வழக்கமும் வந்தது. மீனவர்களை விட்டுவிடுவது, படகை வைத்துக்கொள்வது.

காரைநகரில் கிடந்த படகுகள்

பிடிபட்ட படகுகளைக் காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார் போன்ற இடங்களில் கட்டி வைத்தார்கள். சட்டத்தின் கண்ணில் அது ஒரு சான்றுப் பொருள். கத்தி, துப்பாக்கி, லாரி போல. ஆனால் மேலே பார்த்தபடி மரப்படகு அப்படி வைத்திருக்கக் கூடிய பொருளே இல்லை. தண்ணீர் இறைக்க ஆள் இல்லை. ஒன்றோடு ஒன்று கட்டிய படகுகள் அலையில் இடித்துக்கொண்டன. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் ஏறிச் சில அப்படியே மூழ்கின. கரையேற்றி வைத்தவை வெயிலில் வெடித்தன.

2015ல் இலங்கையில் ஆட்சி மாறியபோதும், பிறகு 2017ல் 42 படகுகளை விடுவிக்க இலங்கை ஒப்புக்கொண்டபோதும், தமிழகத்தில் இருந்து மீனவர்கள், தச்சர்கள், மெக்கானிக்குகள் கொண்ட குழுக்கள் அனுமதி பெற்று அங்கே போயின. அவர்களுடைய முதல் வேலை, எது எவருடைய படகு என்று கண்டுபிடிப்பது.

இதற்கு அதிகாரப்பூர்வமான வழி பதிவு எண். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு நாடு முழுவதும் மீன்பிடிப் படகுகளுக்கு ஒரே மாதிரியான பதிவு முறை வந்தது. ஐ.என்.டி. என்றால் இந்தியா. டி.என். என்றால் தமிழ்நாடு. அடுத்து மாவட்ட எண். நாகப்பட்டினத்துக்கு 06, புதுக்கோட்டைக்கு 08, இராமநாதபுரத்துக்கு 10. அடுத்து எம்.எம். என்றால் விசைப்படகு. கடைசியில் படகின் வரிசை எண். படகின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருப்பார்கள்.

ஆனால் எழுதியது சாயத்தில் அல்லவா? ஓராண்டு உப்பும் வெயிலும் பட்டால் சாயம் உரியும். பாதி மூழ்கிய படகில் எண்ணே தண்ணீருக்குள் போய்விடும். அப்போது எஞ்சின் எண் உதவும். அது இரும்பில் பொறித்தது. அதுவும் துருவேறிப் போனால்?

அப்போது மிஞ்சுவது மராமத்தின் நினைவுதான். வரைபடம் இல்லாமல் கையால் கட்டிய படகு என்பதால் ஒன்று போல இன்னொன்று இருக்காது. எந்தப் பலகையில் ஒட்டுத்துண்டு வைத்தது, எந்த வங்கை மாற்றியது, அணியத்தில் எங்கே மோதிய வடு, ஓட்டுநர் அறை சன்னல் எப்படி அமைந்தது என்பதெல்லாம் உரிமையாளருக்கும் தச்சருக்கும் மனப்பாடம். தொழிற்சாலையில் இருந்து வரும் பைக்கில் இது நடக்காது. பழுது பார்த்த தழும்புகளே மரப்படகின் அங்க அடையாளம்.

அடுத்தது பிழைக்குமா என்று பார்ப்பது. ஏரா வளைந்திருந்தால் அந்தப் படகு முடிந்தது. ஏரா நேராக இருந்து பலகைகள் மட்டும் கெட்டிருந்தால் வழி உண்டு. தண்ணீரை இறைத்து, பெரிய ஓட்டைகளுக்கு அவசரத் துண்டு வைத்து, இடுக்குகளில் பஞ்சு அடைப்பார்கள். பிறகு எஞ்சின். கடல்நீர் புகுந்த எஞ்சினில் பழைய எண்ணெயை வடித்து, உள்ளே கழுவி, டீசல் குழாய்களைச் சுத்தம் செய்து, புது பேட்டரி வைத்துத்தான் ஓட்டிப் பார்க்க முடியும். பல படகுகளில் வலை, பேட்டரி, ஜி.பி.எஸ். கருவி எல்லாம் இல்லை என்று போனவர்கள் சொன்னார்கள். ஓடும் படகு ஓடாத படகைக் கயிறு கட்டி இழுக்கும். இலங்கைக் கடற்படை எல்லைவரை கொண்டுவந்து விட, இந்தியக் கடலோரக் காவல்படை இந்தப் பக்கம் பெற்றுக்கொள்ளும்.

இப்படிப் பிழைத்து வந்தவை சில. பழுது பார்க்கும் செலவு படகின் விலையையே எட்டும் என்று பார்த்து அங்கேயே விட்டுவிட்டு வந்தவை பல.

ஏலம்

2018 சனவரியில் இலங்கை தன் 1979ம் ஆண்டு வெளிநாட்டுப் படகுகள் சட்டத்தைத் திருத்தியது. படகின் நீளத்தைப் பொறுத்து அபராதம் 17.5 கோடி இலங்கை ரூபாய் வரை போனது. படகைத் திரும்பக் கேட்க உரிமையாளரே ஆவணங்களோடு நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் படகு இலங்கை அரசுடைமை. சில படகுகள் இந்த வழியில் திரும்பின. பல அரசுடைமை ஆயின.

2022 பிப்ரவரியில் இலங்கை 105 படகுகளை ஏலத்துக்கு விட்டது. காரைநகரில் 65, கிராஞ்சியில் 24, தலைமன்னாரில் 9, காங்கேசன்துறையில் 5, கற்பிட்டியில் 2. தமிழகத்தில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. அதே மாதம் தமிழக அரசு, மீட்க முடியாத 108 விசைப்படகுகளுக்குத் தலா 5 லட்சமும் 17 நாட்டுப்படகுகளுக்குத் தலா ஒன்றரை லட்சமும், மொத்தம் சுமார் 5.66 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. இவ்வளவு நாள் கிடந்த மரப்படகில் விலை போகக் கூடியது இரும்பும் மரத்துண்டும்தான்.

மறுகரையின் நியாயம்

இதை ஒரு பக்கம் மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இழுவை மடி கடல் தரையை வழித்துக்கொண்டு போகிறது. குஞ்சு மீன், கடற்புல், நண்டு எதையும் விடுவதில்லை. வடபகுதி மீனவர்களிடம் இருப்பது பெரும்பாலும் சிறிய கண்ணாடியிழைப் படகும் செவுள் வலையும். கடன் வாங்கிப் போட்ட வலை ஓர் இரவில் அறுந்துபோனால் அந்தக் குடும்பமும் நொடிகிறது. அவர்களும் தமிழர்கள்தான். 2017ல் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடியைத் தடை செய்தது. 2021 அக்டோபரில் முல்லைத்தீவில் இருந்து பருத்தித்துறை வரை மீனவர்கள் படகுகளில் கடல்வழிப் போராட்டம் நடத்தினார்கள்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 1960களின் இறுதியில் நார்வே உதவியோடு யாழ்ப்பாணத்தில் 'சீநோர்' என்ற மீன்பிடி வளர்ச்சி நிறுவனம் தொடங்கியது. அதன் படகு கட்டும் தளம் இருந்த ஊர் காரைநகர்! அங்கே கட்டியவை கண்ணாடியிழைப் படகுகள். அதாவது ஒரே நாட்டின் உதவி, ஒரு கரையில் இழுவைப் படகுத் தொழிலுக்கும் மறுகரையில் கண்ணாடியிழைப் படகுக்கும் வழி காட்டியது. அரை நூற்றாண்டுக்குப் பின், மண்டபம் பக்கத்து மரப்படகுகள் சிறைப்பட்டு அழுகிய இடமும் அதே காரைநகர்தான்.

இனி?

2017 ஜூலையில், இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் படகுகள் கொடுக்கும் திட்டம் இராமேஸ்வரத்தில் தொடங்கியது. ஒரு படகுக்கு 80 லட்ச ரூபாய். மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், மீனவர் பங்கு 10 சதவீதம். அதிகாலையில் போய் மறுநாள் காலை திரும்பிப் பழகியவர்கள், வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சூரை பிடிக்க வேண்டும். வேறு வலை, வேறு கடல், வேறு படிப்பு. பாக் நீரிணைக்காரருக்கு ஆழ்கடல் அவ்வளவு எளிது இல்லை. திட்டம் நினைத்த வேகத்தில் நகரவில்லை. கைதுகளும் நிற்கவில்லை. படகுகள் இன்னும் பிடிபடுகின்றன.

இழுவை மடி போக வேண்டும் என்பதில் இரு கரையிலும் பலருக்குக் கருத்து வேறுபாடு இல்லை. எப்படிப் போவது என்பதில்தான் சிக்கல். அரசாங்கங்கள் கொண்டுவந்து கொடுத்த படகை விடச் சொல்லும்போது, மாற்று வழியையும் அரசாங்கங்கள்தான் காட்ட வேண்டும். அதுவரை பிடிபடும் படகுகளையாவது வழக்கு முடியும்வரை கெடாமல் வைத்திருக்க ஒரு ஏற்பாடு வேண்டும். அதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. தினமும் தண்ணீர் இறைக்க ஓர் ஆள், வாரம் ஒருமுறை எஞ்சினை ஓட்ட ஓர் ஆள், தன் படகை வந்து பார்க்க உரிமையாளருக்கு ஓர் அனுமதிச் சீட்டு.

அடுத்த முறை 'மீனவர்கள் விடுதலை' என்ற செய்தியைப் பார்த்தால், அதில் படகின் பதிவு எண் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. அந்த எண் உள்ள படகில் இன்னும் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கும் என்று ஊரில் ஒரு குடும்பம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.